பி.ஏ. அரபு: ஓதத் தெரிவது வேறு, படிக்கத் தெரிவது வேறு

கேள்வி இதுதான்: ப்ளஸ் டூ முடித்தாயிற்று, சிறு வயதில் மதரஸாவில் குர்ஆன் ஓதி முடித்தாயிற்று. இனி பி.ஏ. அரபு மொழி இலக்கியம் சேரலாமா? உள்ளே என்ன படிப்பார்கள், எங்கே சறுக்கும், முடித்தால் என்ன வேலை?

சேரலாம். ஆனால் "ஏற்கெனவே பாதி தெரியும்" என்ற நினைப்போடு போகாதீர்கள். முதலாம் ஆண்டில் தடுமாறுகிறவர்களில் பலர் நன்றாக ஓதத் தெரிந்தவர்கள்தான். குர்ஆன் பிரதியில் ஒவ்வோர் எழுத்தின் மேலும் கீழும் ஜபர், ஜேர், பேஷ் என்ற உயிர்க்குறிகள் போட்டிருக்கும். கண் பார்க்கும், வாய் சொல்லும், பொருள் தெரியாவிட்டாலும் ஓதல் நிற்காது. நாளிதழ், நாவல், அலுவலகக் கடிதம் எதிலும் அந்தக் குறிகள் கிடையாது. காஃப், தே, பே என்று மூன்று எழுத்துகள் மட்டும் நிற்கும். அதை 'கதப' என்று படித்தால் எழுதினான், 'குதிப' என்றால் எழுதப்பட்டது, 'குதுப்' என்றால் புத்தகங்கள், 'கத்தப' என்றால் எழுதவைத்தான். எதைப் படிப்பது என்று வாக்கியத்தின் இலக்கணம்தான் சொல்லும். ஆக, அரபில் புரிந்த பிறகுதான் சரியாக வாசிக்க முடியும். குறியில்லாத ஒரு பக்கத்தைத் தட்டுத்தடுமாறாமல் வாசிக்க வைப்பதற்குத்தான் அந்த மூன்று ஆண்டும். பாடத்திட்டத்தில் இருக்கும் மற்ற எல்லாமே அதற்கான படிகள்.

மதரஸா பக்கமே போகாதவர், முஸ்லிம் அல்லாதவர் சேரலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக. அலிஃபிலிருந்து தொடங்கும் பாடத்திட்டம் உள்ள இடமாகப் பார்த்துச் சேர வேண்டும், அவ்வளவுதான். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஆனர்ஸ் அரபு அப்படிப்பட்டது. சேர்க்கை பொது நுழைவுத் தேர்வு வழியாக. திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி போன்ற தமிழகக் கல்லூரிகளில் சேருமுன் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பகுதி ஒன்றில் தமிழுக்குப் பதிலாக அரபை மொழிப்பாடமாக எடுப்பது வேறு, அரபையே முதன்மைப் பாடமாக எடுத்து பி.ஏ. படிப்பது வேறு. பி.காம். மாணவரும் பகுதி ஒன்றில் அரபு எடுக்கலாம். அது அரபுப் பட்டம் ஆகாது. கேரளத்தில் இலக்கியப் பட்டம், அஃப்ஸலுல் உலமா, பயன்பாட்டு அரபு என்று பெயர்களே பலவகை. இலங்கையில் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் தனிப் பீடமே உண்டு. பேராதனையிலும் அரபுத் துறை இருக்கிறது.

இனி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். முதல் ஆண்டின் முதுகெலும்பு ஸர்ஃபும் நஹ்வும். ஸர்ஃபு என்பது சொல் எப்படிப் பிறக்கிறது என்பது. நஹ்வு என்பது சொல் வாக்கியத்தில் எப்படி நிற்கிறது என்பது.

ஸர்ஃபைப் புரிந்துகொள்ளத் தமிழனுக்கு அரபு தேசம் வரை போக வேண்டியதில்லை, தாலுகா ஆபீஸே போதும். மகசூல், தாசில் இரண்டும் அரபிலிருந்து பாரசீகம், உருது வழியாக நமக்கு வந்தவை. இரண்டுக்கும் வேர் ஒன்றே: ஹா, ஸாத், லாம். 'ஹஸல' என்றால் கிடைத்தது. அந்த மூன்று மெய்களை 'மஃப்ஊல்' என்ற அச்சில் வார்த்தால் மஹ்ஸூல், கிடைக்கப்பெற்றது, நம் மகசூல். 'தஃப்ஈல்' அச்சில் வார்த்தால் தஹ்ஸீல், வசூலிப்பது, நம் தாசில். ஓதுகிறவருக்குப் பழக்கமான தக்பீர், தஸ்பீஹ், தஃப்ஸீர் எல்லாம் அதே இரண்டாவது அச்சில் வந்தவை. வாரிசு, ஆஜர், பாக்கி, காலி, ஜாமீன் ஐந்தும் 'ஃபாஇல்' அச்சு. முதல் மெய்க்குப் பின் ஒரு நெடில், பிறகு ஒரு இகரம் என்று எல்லாம் ஒரே எலும்புக்கூடு. மாமூல் 'மஃப்ஊல்' அச்சில் அமலின் வேரிலிருந்து வந்தது. அரபின் சொல்வளம் முழுவதும் இப்படி வேர், அச்சு என்ற இரண்டின் பெருக்கல்தான்.

மூன்றெழுத்து வினையும் அதிலிருந்து விரியும் வினைகளுமாகப் புழக்கத்தில் பத்து வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரு பொருட்சாயல் உண்டு. 'அலிம' அறிந்தான், 'அல்லம' கற்பித்தான், 'தஅல்லம' கற்றான். பத்தாம் வடிவத்துக்குப் பெரும்பாலும் 'வேண்டுதல்' என்ற சாயல் இருக்கும். 'கஃபர' மன்னித்தான் என்றால் 'இஸ்தக்ஃபர' மன்னிப்பு வேண்டினான், அதிலிருந்து இஸ்திக்ஃபார். இந்தப் பத்தையும் முதல் பருவத்திலேயே பெருக்கல் வாய்பாடு மாதிரி மனப்பாடம் செய்துவிடுங்கள். இறந்தகாலம், நிகழ்காலம், ஏவல், தொழிற்பெயர், செய்பவன், செய்யப்பட்டது என்று வடிவத்துக்கு ஆறு ஏழு உருவம். புரிந்தால் போதும், உருப்போட வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸர்ஃபுக்கு அந்த அறிவுரை செல்லாது.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் அடுத்தது: வாவ், யா, அலிஃப் கலந்த நோயுற்ற வினைகள். அரபு இலக்கணிகளே வைத்த பெயர் அது, இல்லத் எழுத்துகள். 'குல் ஹுவல்லாஹு' ஓதாதவர் இல்லை. 'குல்' என்பதன் வேர் என்ன என்று கேட்டால் விழிப்பார்கள். காஃப், வாவ், லாம். வாவ் எங்கே போனது? 'யகூலு' என்பதில் நெடிலாக ஒளிந்திருந்தது. ஏவலாகும்போது இறுதி லாம் சுகூன், அதாவது உயிரில்லா நிலை, பெறுகிறது. இரண்டு சுகூன் அடுத்தடுத்து நிற்க முடியாது என்பதால் வாவ் விழுந்துவிட்டது. 'கால' எனும் இறந்தகாலத்தில் அதே வாவ் அலிஃபாக வேடம் போடும். இப்படிக் காணாமல் போன எழுத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாதவரால் அகராதியைத் திறக்கவே முடியாது.

அகராதியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும்? அரபு அகராதிகள் பெரும்பாலும் வேர் வரிசையில் இருப்பவை. மருத்துவமனைக்கு 'முஸ்தஷ்ஃபா' என்பதை மீம் என்ற எழுத்தின் கீழ் தேடினால் கிடைக்காது. ஷீன், ஃபா, யா என்ற வேரின் கீழ் பத்தாம் வடிவத்தில் கிடைக்கும். வளைகுடாவில் உறவினர் உள்ள வீடுகளில் 'எதிசலாத்' என்ற பெயர் தெரிந்திருக்கும். 'இத்திஸாலாத்', அதாவது தொடர்புகள். அதன் வேர் வாவ், ஸாத், லாம். எட்டாம் வடிவத்தில் வாவ் தேயாக மாறி இரட்டித்துவிட்டது. அதே வேரிலிருந்து வந்ததுதான் நம் 'வசூல்'!

தேடும் முறை இது. முதலில் சொல்லின் தலையில் ஒட்டியவற்றைக் கழற்ற வேண்டும்: வ, ஃப, ஸ, பி, லி, அல். பிறகு வாலில் ஒட்டிய சுட்டுப்பெயர்கள். பிறகு வினையின் முன்னொட்டு, பின்னொட்டு. 'வஸயக்துபூனஹா' என்று ஒரே சொல்லாக நிற்பதில் 'வ' மேலும், 'ஸ' எதிர்காலம், 'ய...ஊன' அவர்கள், 'ஹா' அதை. மிஞ்சுவது கதப. 'மேலும் அவர்கள் அதை எழுதுவார்கள்.' எச்சமாக மூன்று மெய் தேறவில்லையென்றால் நோயுற்ற எழுத்து ஒன்று விழுந்திருக்கிறது, அல்லது ஷத்தா என்ற இரட்டிப்புக் குறிக்குள் ஒரு மெய் ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

கையில் வைத்துக்கொள்ள ஹான்ஸ் வேர் (Hans Wehr) என்பவர் தொகுத்த அகராதியின் ஆங்கிலப் பதிப்பு வேண்டும். வேர் வரிசை, வடிவங்களுக்கு ரோமன் எண், மூன்று ஆண்டுக்கும் போதும். அரபிலிருந்து அரபுக்கு, இரண்டாம் ஆண்டிலிருந்து கெய்ரோ மொழிக் கழகத்தின் 'அல்முஃஜமுல் வஸீத்'. இப்னு மன்ளூரின் 'லிஸானுல் அரப்' நூலகத்தில் இருக்கும். அதன் பழைய முறைப் பதிப்பில் வேரின் கடைசி எழுத்தை வைத்துத்தான் அத்தியாயம், கதப என்பது 'பே' பகுதியில் இருக்கும். இது தெரியாமல் காஃபில் தேடிவிட்டு "இதில் இல்லை சார்" என்று திரும்பி வருவது எல்லாத் துறைகளிலும் நடப்பது.

நஹ்வில் தமிழ் மாணவருக்குச் சில இலவச வசதிகள் உண்டு. குறில் நெடில் வேறுபாடும் மெய் இரட்டித்தலும் நம் காதில் பிறப்பிலேயே இருக்கின்றன. 'கதப', 'காதப', 'கத்தப' மூன்றையும் பிரித்துக் கேட்க ஆங்கிலேயர் மாதக்கணக்கில் பாடுபடுவார்கள். வேற்றுமை என்ற கருத்தும் நமக்குப் புதிதல்ல. ரஃபு, நஸ்பு, ஜர்ரு (ஏறத்தாழ எழுவாய், செயப்படுபொருள், உடைமை) மூன்றும் இறுதி உயிர்களால் காட்டப்படும் வேற்றுமைகள்தாம். எல்லாவற்றையும்விட அழகான வசதி ஒன்று. அரபில் ஆகில், கைரு ஆகில் என்று பெயர்களைப் பகுத்தறிவு உள்ளவை, இல்லாதவை எனப் பிரிப்பார்கள். நம் உயர்திணை, அஃறிணை! அஃறிணைப் பன்மை வந்தால் அதற்குப் பெண்பால் ஒருமையில் வினையும் அடையும் வரும்: 'அல்குதுபு ஜதீததுன்', புத்தகங்கள் புதியவை. ஆங்கில வழி இலக்கண நூல் இதை விதிவிலக்கு மாதிரிச் சொல்லிப் பயமுறுத்தும். 'மாடுகள் வந்தது' என்று பேசிப் பழகிய நாக்குக்கு இதில் பயப்பட எதுவுமில்லை.

வழுக்கும் இடங்களும் உண்டு. வினை முன்னால் வந்தால் எழுவாய் பன்மையானாலும் வினை ஒருமை: 'தஹபல் அவ்லாது', பையன்கள் போனார்கள். எழுவாய் முன்னால் வந்தால் வினையும் பன்மை: 'அல்அவ்லாது தஹபூ'. எண்கள் இதைவிட மோசம். மூன்று முதல் பத்து வரை எண்ணின் பால் எண்ணப்படும் பெயரின் பாலுக்கு எதிர்: மூன்று ஆண்கள் 'ஸலாஸது ரிஜால்', மூன்று பெண்கள் 'ஸலாஸு நிஸா'. பெயர் பன்மையில், ஜர்ரில். பதினொன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை பெயர் ஒருமையில், நஸ்பில். நூறு, ஆயிரம் என்றால் ஒருமையில், ஜர்ரில். மூன்றாம் ஆண்டிலும் கட்டுரையில் தேதியும் விலையும் தப்பாகவே எழுதுவார்கள். கடைக் கணக்கை அரபில் எழுதிப் பழகினால் ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.

உச்சரிப்பில் ஒரு முரண்டு. நம் ஊர் ஓதல் மரபில் ளாத் என்ற எழுத்தை 'ள' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ரமளான், வுளூ, ஃபர்ளு எல்லாம் அப்படித்தான் எழுதுகிறோம். இந்தக் கட்டுரையிலும் அதுவே வரும். ஆனால் இன்றைய அரபு வகுப்பிலும் செய்தி வாசிப்பிலும் அது அடித்தொண்டையை இறுக்கிச் சொல்லும் கனமான 'ட' சாயல் ஒலி. 'ள' என்று சொன்னால் அரபருக்கு லாம் மாதிரிக் கேட்கும், வேறு சொல்லாகப் புரியும். அதேபோல் க, ப, த ஆகியவற்றின் ஒலிப்பு மாறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டாது. அதனால் அரபுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே விட்டுவிடுங்கள். படிக்கிற மாணவர் நோட்டில் அரபு எழுத்து மட்டுமே இருக்க வேண்டும்.

இன்னொன்று கையெழுத்து. அச்சில் இருப்பது நஸ்க். அரபர்கள் கையால் வேகமாக எழுதுவது ருக்ஆ. அதில் இரட்டைப் புள்ளி ஒரு சிறு கோடாகிவிடும், ஸீனின் பற்கள் மறைந்துவிடும். நஸ்க் மட்டும் தெரிந்தவருக்கு ஓர் அரபர் எழுதிய சீட்டே புரியாது. ஒரு பயிற்சிப் புத்தகம், தினமும் கால் மணி நேரம், ஒன்றரை மாதம். அவ்வளவே.

இரண்டாம் ஆண்டிலிருந்து இலக்கியம் கனக்கத் தொடங்கும். இஸ்லாத்துக்கு முந்தைய ஜாஹிலிய்யா காலம், இஸ்லாத்தின் தொடக்கம், 661 முதல் உமைய்யா ஆட்சி, 750 முதல் 1258 வரை அப்பாஸிய்யா ஆட்சி, ஒருபுறம் அந்தலுஸ் எனப்பட்ட முஸ்லிம் ஸ்பெயின், பிறகு 19ஆம் நூற்றாண்டின் மறுமலர்ச்சி என்று வரலாறு போகும். தேர்வுக்காகக் கவிஞர் பெயரும் ஆண்டும் மட்டும் மனப்பாடம் செய்வது மதிப்பெண் தரும். மொழியைத் தராது. முஅல்லகாத் என்ற ஜாஹிலிய்யா காலக் கவிதைத் தொகுப்பில் இம்ருல் கைஸ் என்ற கவிஞரின் முதல் சொல் 'கிஃபா', 'நீங்கள் இருவரும் நில்லுங்கள்'. அந்த ஒரு சொல்லில் இருமை ஏவலும் இருக்கிறது, விழுந்துபோன வாவும் இருக்கிறது. 'குல்'லில் நடுவில் விழுந்தது இங்கே முதலெழுத்திலேயே விழுந்தது. பாழடைந்த பாசறைத் தடத்தில் பிரிந்தவளை நினைத்து அழும் கவிதை மரபும் இருக்கிறது. பாலைத்திணை படித்தவருக்கு அந்த மணல் அந்நியமாக இராது. பத்து வரியை இப்படி எலும்பு எலும்பாகப் பிரித்துப் படித்தவர், நூறு வரியின் பொழிப்புரையை ஆங்கிலத்தில் உருப்போட்டவரைவிட எங்கோ மேலே.

யாப்பியலான அரூள் பலருக்குப் பேய். ஆனால் தேமா, புளிமா தெரிந்தவர் கொஞ்சம் தைரியமாகப் போகலாம். அரபிலும் 'ஃபஊலுன்', 'மஃபாஈலுன்' என்று வாய்பாட்டுச் சொற்களால்தான் சீரை அளப்பார்கள். எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவின் கலீல் இப்னு அஹ்மத் வகுத்த 15 பாவகைகளோடு அஹ்ஃபஷ் சேர்த்ததாகச் சொல்லப்படும் ஒன்றும் சேர்ந்து 16. தவீல், காமில், பஸீத், வாஃபிர் நான்கையும் காதால் அடையாளம் காணத் தெரிந்தால் பழங்கவிதையின் பெரும்பகுதி வசப்படும். பலாகா, அதாவது அணியியலும் சொற்பொருள் நுட்பமும் சேர்ந்த பாடம், ஒப்பீட்டளவில் எளிது.

ஹரீரியின் மகாமாத் என்ற கதைத் தொகுப்பு 50 பகுதி, எதுகை உரைநடை, ஒவ்வொரு வரியிலும் சொல் விளையாட்டு. ஒன்றிரண்டைத்தான் பாடமாக வைப்பார்கள். அதற்கே அகராதி கிழியும். நவீனப் பகுதியில் தாஹா ஹுசைனின் தன்வரலாறான 'அல்அய்யாம்' கட்டாயம் படியுங்கள். வாக்கியங்கள் தெளிவானவை, சொற்கள் திரும்பத் திரும்ப வரும், குறியில்லா வாசிப்புக்கு நல்ல ஏணி. பிறகு நஜீப் மஹ்ஃபூஸின் சிறுகதைகள். 1988இல் நோபல் பெற்றவர் என்பதற்காக நேரே பெரிய நாவலில் இறங்கினால் முப்பதாம் பக்கத்தில் நின்றுபோகும்.

பேச்சு அரபு பற்றி ஏமாற வேண்டாம். பட்டப்படிப்பில் கற்பிப்பது ஃபுஸ்ஹா, அதாவது எழுத்து வழக்கு. நம் மேடைத்தமிழுக்கும் கடைத்தெருத் தமிழுக்கும் உள்ள தூரத்தைவிட ஃபுஸ்ஹாவுக்கும் ஆம்மிய்யா எனும் பேச்சு வழக்குக்கும் தூரம் அதிகம். 'கைஃப ஹாலுக்' என்று நீங்கள் கேட்பதை வளைகுடாக்காரர் 'ஷ்லோனக்' என்பார், எகிப்தியர் 'இஸ்ஸய்யக்' என்பார். பட்டதாரிக்குத் துபாய்க் கடைத்தெருவில் அரபர் பேசுவது புரியாது. பத்தாவது கூட முடிக்காமல் அங்கே கடையில் நிற்பவருக்குப் புரியும். இதை வைத்துப் பட்டத்தைக் கேலி செய்வார்கள், கண்டுகொள்ளாதீர்கள். அந்தக் கடைக்காரரால் ஒப்பந்தப் பத்திரம் படிக்க முடியாது. இரண்டும் வேண்டுமென்றால் ஃபுஸ்ஹா உறுதியான பிறகு, மூன்றாம் ஆண்டில், ஏதாவது ஒரு வட்டார வழக்கை மட்டும் பிடியுங்கள். அதுவரை அல்ஜஸீரா அரபுச் செய்தி தினம் பத்து நிமிடம். செய்தியில் ஒரே சொற்கள் சுழன்று வருவதால் மூன்று மாதத்தில் காது திறந்துவிடும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை சொல்கிறேன். மூன்றாம் ஆண்டுக் கேள்வித்தாள் ஒன்றை வாங்கிப் பாருங்கள். கேள்வியும் விடையும் ஆங்கிலத்தில் இருந்தால், கட்டுரை எழுதும் தாளில் மட்டும் அரபு இருந்தால், அங்கே அரபு பற்றிப் படிப்பீர்கள், அரபு படிக்க மாட்டீர்கள். முற்றிலும் மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் குறை முழுவதையும் நீங்களே வீட்டில் நிரப்ப வேண்டும்.

வேலை விஷயம். மொழிபெயர்ப்பில் சம்பளம் அரபு–ஆங்கில இணைக்குத்தான், அரபு–தமிழுக்குக் குறைவு. ஆங்கிலம் நொண்டினால் அரபு எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஓமன், யெமன், ஈராக் நோயாளிகள் வரும் சென்னை மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளர் வேலை உண்டு. அதற்கு மருத்துவச் சொற்களும் வட்டார வழக்கும் வேண்டும். அமீரகத்தில் சட்ட மொழிபெயர்ப்பு செய்ய நீதி அமைச்சக உரிமம் தேவை, பட்டம் மட்டும் போதாது. ஆசிரியர் வேலைக்கு பி.எட். சேர்த்து யோசியுங்கள். கேரள அரசுப் பள்ளிகளில் அரபு ஆசிரியர் பணியிடங்கள் நிறைய, தமிழகத்தில் குறைவு. முதுகலைக்குப் பின் நெட் தேர்வில் அரபு ஒரு பாடம், அரபுப் பண்பாடும் இஸ்லாமியவியலும் வேறொரு பாடம். விண்ணப்பத்தில் மாற்றிக் குறித்துவிடாதீர்கள். ஐ.ஏ.எஸ். விருப்பப் பாடமாக அரபு இலக்கியம் எடுக்கலாம் என்று பழைய கையேடுகளில் இருக்கும். இப்போதைய பட்டியலில் அது இல்லை.

கல்லூரி திறக்க இரண்டு மாதம் இருக்கிறது என்றால், மதீனா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த வாணியம்பாடிக்காரர் வி. அப்துர் ரஹீம் எழுதிய 'துரூஸுல் லுகா' முதல் பாகத்தை முடித்துவிடுங்கள். மூன்று பாகம் கொண்ட நூல், முதல் பாகம் மெலிந்தது. நாளைக்கு ஒன்றரை மணி நேரம் போதும். கூடவே ஒரு நீளக் குறிப்பேடு. வினை என்றால் இறந்தகாலம், நிகழ்காலம், தொழிற்பெயர், உடன் வரும் இடைச்சொல் என்று நான்கு பத்தி. நிகழ்காலத்தின் நடு உயிர் 'யக்துபு', 'யள்ரிபு', 'யஃப்தஹு' என்று வினைக்கு வினை மாறும், ஊகிக்க முடியாது. இடைச்சொல் மாறினால் பொருளே கவிழும்: 'ரகிப ஃபீ' விரும்பினான், 'ரகிப அன்' வெறுத்து ஒதுக்கினான். பெயர் என்றால் ஒருமை, பன்மை, வேர் என்று மூன்று பத்தி. கிதாப் குதுப் ஆகும், கலம் அக்லாம் ஆகும், மஸ்ஜித் மஸாஜித் ஆகும். பன்மை எழுதாத பெயர்ச்சொல் குறிப்பேட்டில் இருந்தும் இல்லாததே. ஒரு நாளைக்குப் பத்துச் சொல், அதற்கு மேல் வேண்டாம். முதல் நாள் குறிகளோடு எழுதுங்கள். ஏழாம் நாள் அதே சொல்லைக் குறியில்லாமல் எழுதி, மூடிவைத்து, வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.